டேங்கில் ஊற்றுவது என்ன? பழைய வேகக் கார்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று டீ குடிக்கும்போது உங்களில் பலரைப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாது, வண்டி தெரியும். மறைமலைநகரில் பிறந்த ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூர் ஆலையிலிருந்து வந்த மிட்சுபிஷி லான்சர், 106 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6, டர்போ வைத்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். அபூர்வமாக ஒரு கான்டெஸா, ஒரு 118 என்இ. இவை ஷோரூமில் நின்ற காலத்தில் நம்மில் பலருக்கும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது. இன்று அவற்றை நாமே வைத்திருக்கிறோம். ஸ்பேர் கிடைக்காதபோதும், ‘இதை விற்றுவிட்டு ஒரு புது வண்டி வாங்கக் கூடாதா’ என்று வீட்டில் கேட்கும்போதும் விடாமல் வைத்திருக்கிறோம்.

அந்த வண்டிகளின் டேங்கில் நாம் ஊற்றுவதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன ஐப்பசி மழையில் என் வண்டி ஐந்து வாரம் ஷெட்டிலேயே நின்றது. 2001-ல் வாங்கிய ஒரு ஜப்பானிய செடான். மழை விட்டதும் ஒரு காலை ஷட்டரைத் தூக்கினேன், பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. தரையில் சொட்டு இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தாலும் ஈரம் தெரியவில்லை. ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தடவினேன். விரல் மை தொட்டது போலக் கறுத்தது. ஹோஸை லேசாக வளைத்ததும், வற்றிய ஏரியின் மண் வெடித்துக் கிடப்பதுபோல மேல்தோல் முழுக்கக் கோடு கோடாக விரிந்தது. அந்த வெடிப்புகளில் பெட்ரோல் கசியவில்லை, வியர்த்துக்கொண்டிருந்தது.

சாவியைப் போடாமல் பட்டறை அண்ணனை வீட்டுக்கே வரச் சொன்னேன். அவர் ஹோஸைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைமட்டையைப் பிரிப்பதுபோலப் பிரித்துக் காட்டினார். உள்பக்கத்து ரப்பர் ஊறி உப்பியிருந்தது. நகத்தால் கீறினால் செதில் செதிலாக வந்தது. ‘இந்தச் செதிலெல்லாம் எங்க போகும்னு நினைக்கிறீங்க சார்?’ என்றார். இன்ஜெக்டருக்குத்தான். வெளியே வியர்த்த பெட்ரோல் போயிருக்கக்கூடிய இடம் அதைவிடப் பயங்கரமானது. அந்த ஹோஸிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.

இருபது வயது தாண்டிய ரப்பர் அது. எல்லாப் பழியையும் இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால்மேல் போட மாட்டேன். வயது, வெயில், இன்ஜின் சூடு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் உள்பக்கம் ஊறிப் போனதற்கு வெயில் காரணமில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் துருவித் துருவிப் படித்தும், பட்டறையில் நின்று பார்த்தும், என் வண்டியில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் உங்களில் பெரும்பாலோர் நான் செய்துகொண்டிருந்த அதே தவறைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

‘நான் பிரீமியம்தான் போடுகிறேன்’ என்று நிம்மதியாக இருப்பதுதான் அந்தத் தவறு.

பங்க்கில் பிரீமியம் என்று எழுதியிருப்பது ஆக்டேனையும் சுத்தம் செய்யும் ரசாயனங்களையும் பற்றிய சொல். எத்தனால் உண்டா இல்லையா என்று அது சொல்வதே இல்லை. 95 ஆக்டேன் பெட்ரோலிலும் எத்தனால் இருக்கும். சொல்லப்போனால் எத்தனாலின் சொந்த ஆக்டேனே 108-ஐ ஒட்டியது. கலக்கக் கலக்க ஆக்டேன் ஏறத்தான் செய்யும். ஆகவே லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 95 போடுகிறவர், ரப்பருக்கும் டேங்குக்கும் எந்தப் பாதுகாப்பையும் வாங்கவில்லை. ஆக்டேன் ஒரு கேள்வி, எத்தனால் வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் நம் பணமும் போகிறது, வண்டியும் போகிறது.

ஆக்டேன் என்பது அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடித்துவிடாமல் தாக்குப்பிடிக்கும் திறன், அவ்வளவுதான். உங்கள் இன்ஜின் நாக் அடிக்காமல் ஓட 91 போதுமென்றால், அதில் 100 ஊற்றினாலும் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. டைமிங்கைத் தானாக முன்னே தள்ளத் தெரியாத பழைய இசியூவுக்கு 100 ஆக்டேன் வந்திருப்பதே தெரியாது. டர்போ வண்டிக்கும், ஹெட்டைச் சீவி கம்ப்ரெஷனை ஏற்றிய வண்டிக்கும் கதை வேறு. அவற்றுக்கு உயர்ந்த ஆக்டேன் உண்மையிலேயே தேவை. மற்றவர்கள் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தால் போதும்.

எத்தனால் விஷயம் அப்படி ஸ்டிக்கரோடு முடிவதில்லை. நம் வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. 2003-ல்தான் சில மாநிலங்களில் 5 சதவீதம் கலக்கத் தொடங்கினார்கள். நாடு முழுக்க சராசரி 10 சதவீதத்தை எட்டியது 2022 ஜூனில். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு, அதாவது இ20, குறிப்பிட்ட பங்க்குகளில் மட்டும் வந்தது. 20 சதவீதத்தை 2030-க்குள் எட்டுவது என்றுதான் முதலில் இலக்கு வைத்திருந்தார்கள். அதை முன்னே இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டார்கள். முதல் 10 சதவீதத்துக்கு இருபது ஆண்டு ஆனது, அடுத்த 10 சதவீதத்துக்கு மூன்றே ஆண்டு. இ20-ஐத் தாங்கும் ரப்பரும் உலோகமும் கொண்ட வண்டிகள் நம் சாலைக்குப் பரவலாக வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான்.

இதைச் சொன்னதும் சிலர், எத்தனாலுக்குப் பயிர் விளைவிக்கும் கரும்பு விவசாயிக்கும் மக்காச்சோள விவசாயிக்கும் எதிராக நான் பேசுகிறேன் என்பார்கள். இல்லை. கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு நம் விவசாயிக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். எத்தனால் கெட்ட எரிபொருளும் அல்ல. அதற்கென்று கட்டிய இன்ஜினில் அது அற்புதமாக எரியும், உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும், அதிக பூஸ்ட்டைத் தாங்கும். பிரேசிலில் எத்தனாலும் பெட்ரோலும் எந்த அளவில் கலந்தாலும் ஓடும் கார்கள் 2003-லிருந்தே விற்பனையில் இருக்கின்றன. நம்முடைய வண்டிகள் அதற்குக் கட்டப்படவில்லை என்பதுதான் பிரச்சினை.

பட்டறையில் கண்ணால் பார்த்ததையும் காகிதத்தில் கணக்குப் போட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 20 சதவீதக் கலப்புக்கு இந்தக் கணக்கு 13.5-ஐ ஒட்டி வரும். இப்போது ஒரு கார்புரேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மெயின் ஜெட் ஒரு துளை, அவ்வளவுதான். வருவது எந்தப் பெட்ரோல் என்று அதற்குத் தெரியாது. பழைய அளவிலேயே விடும். வண்டி 8 சதவீதம் அளவுக்கு லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து, ஓடும். காலையில் சோக்கை இழுத்தாலும் முனகும், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் மூச்சு முட்டும், பிறகுதான் எடுக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். ஆர்டி350 பைக்கும் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டூ-ஸ்ட்ரோக் வண்டி லீனாக ஓடினால் பிஸ்டன் என்ன ஆகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

‘என் வண்டி எம்பிஎஃப்ஐ, ஆக்சிஜன் சென்சார் பார்த்துக்கொள்ளும்’ என்று இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. அண்ணா சாலையில் நாற்பதில் போகும்போது சென்சார் பார்த்துக்கொள்ளும். லீன் என்று தெரிந்ததும் இசியூ பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் நம் காலத்து வண்டிகளில் இருக்கும் சாதாரண சென்சாருக்கு சரியான கலவையை ஒட்டித்தான் கண் தெரியும். நீங்கள் மிதியை அடிவரை அழுத்தி, முள் ஆறாயிரத்தைத் தாண்டும் அந்த நேரத்தில் பழைய இசியூ சென்சாரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும். அதன்பின் ஆலையில் எழுதிவைத்த கணக்கின்படி மட்டும் பெட்ரோல் விடும். அந்தக் கணக்கு எழுதப்பட்டது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு. சாதுவாக ஓட்டும் வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. நாம் அப்படி ஓட்டத்தான் இந்த வண்டிகளை வைத்திருக்கிறோமா? இன்ஜினிடமிருந்து அதிகம் கேட்கும் தருணத்தில்தான் அது லீனாகிறது, சூடாகிறது. பழைய வேகக் காருக்கும் பழைய சாதாரணக் காருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

மைலேஜ் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது பெரிய தொகை அல்ல.

எனக்குக் கவலை தருவது ஓடாத நாட்கள்தான். இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு அதிகமில்லை, வழக்கமான சர்வீஸிலேயே செய்துவிடலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. தினம் அலுவலகத்துக்குப் போகும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். என் வண்டி இருபதாயிரம் ஓட பதின்மூன்று ஆண்டாகும். ரப்பர் கிலோமீட்டரை எண்ணுவதில்லை. வண்டி நின்றாலும் ஹோஸுக்குள் பெட்ரோல் நிற்கிறது, ஊறிக்கொண்டே இருக்கிறது. கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகப் போய், அடியில் தங்கும் பிசின் அலுமினியத்தையும் பித்தளையையும் பிடிக்கிறது. நம் வண்டிகளுக்குக் கெடுவை நாட்கணக்கில்தான் வைக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தையும் சரியான அளவில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மிகைப்படுத்திப் பேசுவோர் அதிகம். பெட்ரோலோடு தண்ணீர் சேராது, எத்தனாலோடு சேரும். 10 சதவீதக் கலப்பு பெட்ரோல் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். 20 சதவீதக் கலப்பு இன்னும் கூடுதலாகவே வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து கிடக்கும். ஆனால் சென்னைக் காற்றின் ஈரம் மட்டுமே மூடியிருக்கும் டேங்கில் ஒரு மாதத்தில் இதைச் செய்துவிடாது. மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்து, மழையில் வெளியே நின்ற வண்டிக்குத்தான் இது வரும். அந்த வாஷரின் விலை மிகக் குறைவு. இன்றே போய்ப் பாருங்கள்.

சரி, எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எக்ஸ்பி100, 2020 டிசம்பரில் அறிமுகமான 100 ஆக்டேன் பெட்ரோல், எத்தனால் கலக்காதது. எல்லா பங்க்கிலும் கிடைக்காது, பெருநகரங்களில் சில இடங்களில் மட்டும்தான். மற்ற நிறுவனங்களின் உயர் ஆக்டேன் பெட்ரோல்களைப் பற்றி அந்தந்த பங்க்கில் எழுத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஊழியர் ‘இல்லை சார், சுத்தம்தான்’ என்று சொன்னால் போதாது. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கேட்பதைவிட நல்ல வழி, நீங்களே பார்த்துவிடுவது. பாரிமுனைப் பக்கம் ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் மூடியுடன் கூடிய 250 மில்லி அளவுக் குழாய் ஒன்று வாங்குங்கள். 10 மில்லி தண்ணீர் ஊற்றி அதில் ஒரு சொட்டு நீல மை விடுங்கள். அதன்மேல் 100 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, இடையில் மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியே விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம். பெட்ரோலில் இருக்கும் எத்தனால் தண்ணீருக்கு இறங்கிவரும். நீல அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 20-க்கு ஏறினால் 10 சதவீதம், 30-ஐ ஒட்டி வந்தால் 20 சதவீதம். முதன்முறை நான் பங்க்கில் பிடித்த ‘பிரீமியம்’ பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வைத்துவிட்டு நின்றபோது, அந்த நீலக் கோடு கண்ணெதிரே ஏறி 30-க்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. இரண்டு வருடம் கூடுதல் காசு கொடுத்து நான் வாங்கியது என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. இதே முறையில் பெட்ரோலைத் தண்ணீரால் கழுவி எத்தனாலை நீக்கிவிட்டு வண்டிக்கு ஊற்றலாம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். எத்தனால் சேர்ந்த பிறகுதான் ஆக்டேன் சரியாக வர வேண்டும் என்று கணக்கிட்டே அடிப்படைப் பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள். எத்தனாலைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த, ஈரம் கலந்த பெட்ரோல். அதை ஊற்றினால் நாக் அடித்தே இன்ஜின் போய்விடும். குடத்தில் பெட்ரோலை வைத்து விளையாடுவதன் ஆபத்து தனி.

எல்லோரும் எக்ஸ்பி100-க்கு மாறிவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. சாதாரணப் பெட்ரோலைவிட லிட்டருக்கு 60 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 மைலேஜ் என்றால் 150 லிட்டர், 9,000 ரூபாய். பழைய வண்டிக்கு டேங்கை இறக்கிச் சுத்தம் செய்து, ஃப்யூயல் பம்பை மாற்றி, இன்ஜெக்டரைக் கழுவிய பில்லைப் பார்த்தவர்களுக்கு இந்த 9,000 பெரிதாகத் தெரியாது. வாரம் ஒரு முறை, மாதம் இரு முறை எடுக்கும் வண்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு எத்தனால் இல்லாததையே போடுங்கள். குறைந்தபட்சம் மழைக்காலத்துக்கு ஷெட்டில் ஏற்றும் முன் நிரப்பும் டேங்காவது அதுவாக இருக்கட்டும், வெளிக்காற்றுக்கு இடம் விடாமல் நிரப்புங்கள்.

அதே பழைய வண்டியில் தினம் அலுவலகம் போகிறவர் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவார். அவருக்குக் கூடுதல் செலவு 72,000 ரூபாய். அவரிடம் பெட்ரோலை மாற்றச் சொல்வது நியாயமில்லை. வண்டியை மாற்றி அமைப்பதே நியாயம். டேங்கிலிருந்து இன்ஜின் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். புதுப்பேட்டையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் கறுப்பு ஹோஸ் எதுவானாலும் சரி என்று வாங்காதீர்கள். ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று இருந்தால் உள்பக்கம் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் பூசிய, இன்ஜெக்ஷன் வண்டிக்கான ஹோஸ். விலை கூடுதல்தான், இருந்தாலும் அதுதான் வேண்டும். இன்ஜெக்டர் ஓ-ரிங்கும் கார்புரேட்டரின் நீடில் நுனியும் விட்டான் என்ற ஃப்ளோரோ ரப்பரில் கிடைக்கின்றன. பழைய கார்க் கேஸ்கெட்டை எறிந்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, நெடுஞ்சாலையில் ஓட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இவ்வளவும் செய்த வண்டி இ20-இல் பயமில்லாமல் ஓடும்.

மாறும்போது எப்படி மாறுவது என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. டேங்கில் 10 லிட்டர் இ20 இருக்கும்போது 30 லிட்டர் எத்தனால் இல்லாததை ஊற்றினால் கிடைப்பது 5 சதவீதக் கலப்பு. இதில் தப்பில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பழைய 10 லிட்டர் ஏற்கெனவே ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தால், எத்தனாலின் அளவு திடீரென்று குறைந்ததும் அந்த ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் பழையதை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். புதிய வண்டியில் அந்தப் பழைய பெட்ரோலை ஊற்றி ஓட்டியும் தீர்க்காதீர்கள், அடியில் தண்ணீர் இருக்கலாம்.

இன்னொன்று. எத்தனால் நல்ல கரைப்பான். இருபது வருடம் டேங்கின் சுவரில் ஒட்டிக் கிடந்த அழுக்கை முதல் சில டேங்கிலேயே கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவந்துவிடும். நெடுநாள் தூங்கி எழுந்த வண்டி திண்டிவனம் தாண்டியதும் இழுக்காமல் நின்றால், இன்ஜினைக் குறை சொல்லும் முன் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

இதுவரை சொன்னது நாம் செய்ய வேண்டியது. நாம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்க வேண்டும், பம்பில் கலப்பு அளவை எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தின் முடிவை மதிக்கிறேன். ஆனால் நீதிமன்றம் கட்டளையிட மறுத்ததாலேயே அந்தக் கோரிக்கை தவறாகிவிடாது. அரசாங்கமும் எண்ணெய் நிறுவனங்களும் விரும்பினால் நாளைக்கே செய்யலாம்.

இந்த நாடு இதை ஒரு தடவை செய்திருக்கிறது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது நினைவிருக்கிறதா? கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வைத்த புது கார்களுக்கு அது, பழைய வண்டிகளுக்குப் பழையது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். நடுவில் கிடைத்த அந்த ஐந்து ஆண்டில் எத்தனையோ பட்டறைகள் வால்வ் சீட்டை மாற்றக் கற்றுக்கொண்டன, வண்டிக்காரர்கள் பணம் சேர்த்தார்கள், விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. ஈயம் போனது நல்லதுதான். அந்த நல்லதை அவகாசம் கொடுத்துச் செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பிரிட்டனைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் அங்கே சாதாரணப் பெட்ரோலை 10 சதவீதக் கலப்புக்கு மாற்றினார்கள். பழைய வண்டிகளுக்காக சூப்பர் பெட்ரோலை மட்டும் 5 சதவீதத்திலேயே நிறுத்தினார்கள். இரண்டு வகைப் பெட்ரோல் விற்கும் பெரிய பங்க்குகள் அதை வைத்திருந்தே ஆக வேண்டும் என்று சட்டமும் போட்டார்கள். ஒவ்வொரு பம்பிலும் கலப்பு அளவு ஒட்டியிருக்கும். பழைய வண்டிக்காரர் கூடுதல் காசு கொடுக்கிறார், ஆனால் கொடுத்த காசுக்கு என்ன வாங்குகிறார் என்று அவருக்குத் தெரிகிறது.

நாமும் இலவசமாக எதையும் கேட்கவில்லை. விலை கூடுதலாக இருக்கட்டும், கொடுக்கிறோம். நூறு ஆக்டேன்கூடத் தேவையில்லை. எத்தனால் இல்லாத 95 ஆக்டேன் பெட்ரோல், மாவட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் பழைய வண்டி வைத்திருப்பவர் ஒரு டேங்க் பெட்ரோலுக்காகச் சென்னை வர முடியாது. கூடவே, எல்லா பங்க்கிலும் எல்லா பம்பிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில் ஓர் எழுத்து. பொட்டலத்தில் அடைத்து விற்கும் ஊறுகாயில்கூட என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். நூறு ரூபாய்க்கு விற்கும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு அது கூடாதா?

அடுத்த முறை பங்க்குக்குப் போகும்போது மேலாளரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். புகார்ப் புத்தகத்தை வாங்கி எழுதிவிட்டு வாருங்கள். ஒருவர் எழுதினால் புகார், ஐந்நூறு பேர் எழுதினால் தேவை. எண்ணெய் நிறுவனங்கள் தேவையைப் பார்த்துத்தான் பம்ப் வைக்கின்றன.

வருகிற ஞாயிறு காலை என் டிக்கியில் அளவுக் குழாயும் நீல மையும் இருக்கும். உங்கள் டேங்கில் இருப்பதில் நூறு மில்லி கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம். அதற்கு முன் இன்று மாலையே பானெட்டைத் திறந்து, ஃபில்டரை ஒட்டிய ஹோஸை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். விரல் கறுத்தால் சாவியைப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
சென்னை